கல்வாரியில் மலை இல்லை

எங்கள் ஞாயிறு வகுப்புச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஆள் அரவமற்ற உயரமான மொட்டைக் குன்று. உச்சியில் மூன்று சிலுவைகள். குன்றின் பாறைமுகத்தில் கண்குழிகள் போல இரண்டு பள்ளங்கள், நடுவே மூக்கு போல ஒரு புடைப்பு. அடியில் ‘கல்வாரி மலை’ என்று எழுதியிருந்தது. மண்டையோடு மாதிரி இருந்ததால்தான் அந்த மலைக்குக் கபாலஸ்தலம் என்று பெயர் வந்தது என்று ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். நாங்களும் அப்படியே ஒப்பித்தோம். பிறகு அதே விளக்கத்தைப் பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் கேட்டேன். வேதபாடப் புத்தகங்களில் படித்தேன். எருசலேம் போய்வந்தவர்கள் காட்டும் நிழற்படங்களிலும் அதுவே இருந்தது. இன்று அதைக் கேள்வி கேட்பவரே இல்லை எனலாம்.

இந்த விளக்கம் தவறு என்பதே என் கட்சி. நற்செய்தி நூல்கள் மலை என்று சொல்லவில்லை, மண்டையோட்டு வடிவம் என்றும் சொல்லவில்லை. இதற்குப் போட்டியாக ‘மண்டையோடுகள் சிதறிக் கிடந்த இடம்’ என்றொரு விளக்கம் உலவுகிறது. அதற்கும் மூலத்தில் இடமில்லை. அந்தப் பெயரின் இலக்கணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்துவிடும்.

முதலில் மலையை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 27:33, மாற்கு 15:22, லூக்கா 23:33, யோவான் 19:17 ஆகிய நான்கு இடங்களிலும் சிலுவை நின்ற நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘தொபொஸ்’. இடம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கிரேக்கத்தில் மலைக்கு ‘ஒரொஸ்’ என்ற சொல் உண்டு. குன்றுக்கு ‘பூனொஸ்’ உண்டு. ஒருவேளை நற்செய்தியாளர்கள் பொதுச்சொல்லால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்பவர்கள் லூக்காவின் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கொலைக்களத்துக்குப் போகும் வழியில் அழுதுவந்த எருசலேம் பெண்களிடம் இயேசு பேசுகிறார். மலைகளைப் பார்த்து எங்கள்மேல் விழுங்கள் என்றும், குன்றுகளைப் பார்த்து எங்களை மூடுங்கள் என்றும் மக்கள் சொல்லும் காலம் வரும் என்கிறார். அது 30-ஆம் வசனம். ஒரொஸ், பூனொஸ் இரண்டு சொற்களும் அந்த ஒரே வசனத்தில் வருகின்றன. மூன்றே வசனம் தள்ளி, 33-இல், லூக்கா எழுதும் சொல் தொபொஸ். மலைக்கும் குன்றுக்கும் உரிய சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவர் அவற்றைத் தொடவில்லை. ஒலிவ மலையை மலை என்றே எழுதியவர் அவர். நாசரேத்து ஊர் மலைமேல் கட்டப்பட்டிருந்ததையும் சொல்லத் தவறாதவர். அப்படிப்பட்டவர் சிலுவை நட்ட மலையை மட்டும் ‘இடம்’ என்று சொல்லிக் கடந்திருப்பார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அப்படியானால் மலை எங்கிருந்து வந்தது? நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சி 333-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரான்சின் போர்தோ நகரிலிருந்து எருசலேமுக்குப் போன பெயர் தெரியாத பயணி ஒருவர், கல்வாரியின் மறுபெயரான கொல்கொதாவை ‘சிறு குன்று’ என்று லத்தீனில் குறித்துவைத்தார். சம்பவம் நடந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அவர் போன வேளையில் அங்கே கான்ஸ்டன்டைன் பேரரசரின் ஆணைப்படி பெரிய ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. கல்லறையையும் கொல்கொதாப் பாறையையும் தனித்து நிற்க விட்டு, சுற்றிலும் வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். நான்கைந்து மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை இன்றும் திருக்கல்லறை ஆலயத்துக்குள் இருக்கிறது. அந்த வட்டாரம் முழுவதும் பழைய கற்சுரங்கம் என்பதை 20-ஆம் நூற்றாண்டு அகழாய்வுகள் காட்டின. நல்ல கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு, கட்டடத்துக்கு ஆகாத கல்லை விட்டுவிட்டுப் போனதில் மிஞ்சிய மேடு அது. கல் குவாரியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. அதை யாரும் மலை என்று சொல்லமாட்டார்கள்.

தமிழ்க் காதுக்கு ‘கல்வாரி’ என்ற சொல்லிலேயே ஒரு பாறை ஒலிக்கிறது. கல் என்று தொடங்குவதால் மனம் தானாக மலைப்பக்கம் போய்விடுகிறது. அந்தக் ‘கல்’ நம் கல் அல்ல. மண்டையோட்டுக்கு லத்தீனில் ‘கல்வாரியா’ என்று பெயர். வழுக்கை என்ற பொருளுள்ள ‘கல்வுஸ்’ அதற்கு உறவு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எரோணிமுஸ் திருத்திய லத்தீன் நற்செய்திகளில் இந்தச் சொல் வருகிறது. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், மிஷனரிகளோடு நம்மிடம் வந்துசேர்ந்தது. நம் பழைய திருப்புதலின் நற்செய்திகள் கபாலஸ்தலம், கொல்கொதா என்றே சொல்கின்றன. கல்வாரி என்று அங்கே எழுதவில்லை. ‘கல்வாரி மலை’ நம் பாட்டிலும் பேச்சிலும் வளர்ந்த தொடர். 1848-இல் சிசில் பிரான்சஸ் அலெக்சாண்டர் குழந்தைகளுக்காக வெளியிட்ட ஆங்கிலப் பாட்டொன்று பசுங்குன்றொன்றின்மேல் சிலுவையை நிறுத்தியது. அது உலகெங்கும் பாடப்பட்டு, அந்தப் படிமத்தை இன்னும் ஆழமாக ஊன்றியது.

இனி பெயருக்கு வருவோம். கொல்கொதா அரமேயச் சொல். எபிரேயத்தில் ‘குல்கொலெத்’, அரமேயத்தில் ‘குல்குல்தா’. இரண்டு லகரங்கள் அடுத்தடுத்து வருவதால் நாக்கு ஒன்றை விழுங்கிவிட, கொல்கொல்தா கொல்கொதா ஆனது. கடைசியில் நிற்கும் ‘ஆ’ அரமேயத்தின் சுட்டு. ‘குறிப்பிட்ட அந்த’ என்ற பொருளை அது தரும். ஆக, எருசலேம்வாசிகள் அந்த நிலத்துக்கு வைத்திருந்த பெயர் ‘மண்டையோடு’ என்ற ஒற்றைச் சொல். அதில் இடம் என்ற சொல்லும் இல்லை, மலை என்ற சொல்லும் இல்லை.

குல்கொலெத் எபிரேய வேதத்தில் மண்டையோட்டைக் குறிக்கும். தலை எண்ணிக்கையையும் குறிக்கும். அபிமெலேக்கின்மேல் ஒரு பெண் எறிந்த திரிகைக் கல் உடைத்தது அவன் குல்கொலெத்தை. வனாந்தரத்தில் மன்னா பொறுக்கியபோது தலைக்கு ஒரு ஓமர் என்று அளந்த இடத்திலும் அதே சொல்தான். தலைக்கு இவ்வளவு என்று வரி வசூலித்தும் பந்தியில் இலை எண்ணியும் பழகிய நமக்கு இந்த வழக்கு அன்னியமே அல்ல.

கிரேக்கத்தில் எழுதவந்த நற்செய்தியாளர்கள் இந்தப் பெயரை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாற்கு அதைக் கிரேக்கப் பெயர்போல வேற்றுமைப்படுத்துகிறார். கொல்கொதாவோடு இரண்டாம் வேற்றுமைக்குரிய னகர ஒற்றைச் சேர்த்துக் ‘கொல்கொதான்’ என்கிறார். நாம் கொல்கொதாவை, கொல்கொதாவுக்கு என்று உருபு சேர்த்துப் பேசுவதுபோல. பிறகு அதன் பொருளைச் சொல்கிறார்: ‘க்ரனியூ தொபொஸ்’. மத்தேயுவும் யோவானும் இதே அமைப்பைத் தருகிறார்கள். ‘க்ரனியொன்’ என்றால் மண்டையோடு. ‘க்ரனியூ’ அதன் ஆறாம் வேற்றுமை ஒருமை. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘மண்டையோட்டினது இடம்’.

வடிவக் கட்சிக்காரர்களுக்கு இங்கே ஒரு வாதம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுரைக்குப் பக்கத்தில் யானைமலை இருக்கிறது. ‘போல’ என்ற உருபு அந்தப் பெயரில் இல்லை. ஆனாலும் யானை படுத்திருப்பதுபோல இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று குழந்தைக்கும் தெரியும். உவமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கும். கபாலஸ்தலமும் அப்படி ஒரு தொகையாக இருக்கலாகாதா என்று கேட்பார்கள்.

ஆகாது என்றே சொல்வேன். தமிழில் யானைமலை தொகை. உருபு மறைந்திருப்பதால் அதை யானை போன்ற மலை என்று விரிக்க முடிகிறது. கிரேக்கத் தொடரில் உருபு மறையவில்லை. க்ரனியூ என்பதன் ஈற்றில் ஆறாம் வேற்றுமை வெளிப்பட்டு நிற்கிறது. ‘யானையது மலை’ என்று யாராவது சொன்னால் யானை வடிவ மலை என்று நாம் பொருள்கொள்வோமா? உருபு விரிந்துவிட்ட பிறகு உவமைக்கு அங்கே இடமில்லை. யானைமலையில் மலை என்ற சொல் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கொல்கொதாவில் அதுவும் இல்லை.

அந்த ஆறாம் வேற்றுமை என்னதான் செய்கிறது? கிரேக்க ஆறாம் வேற்றுமைக்கு உடைமைப் பொருள் மட்டும் அல்ல. பொதுப்பெயரோடு சிறப்புப்பெயரைச் சேர்த்து, இது இன்னது என்று காட்டவும் அது வரும். பேதுருவின் இரண்டாம் நிருபம் 2:6-இல் ‘சோதோம் கொமோராவின் நகரங்கள்’ என்ற அமைப்பு இருக்கிறது. சோதோமுக்குச் சொந்தமான வேறு நகரங்கள் என்று அதற்குப் பொருளில்லை. சோதோம், கொமோரா என்னும் நகரங்கள் என்பதே பொருள். நம் இலக்கணத்தில் இருபெயரொட்டு என்போமே, சாரைப்பாம்பு என்றால் சாரையாகிய பாம்பு, அந்த உறவை கிரேக்கம் ஆறாம் வேற்றுமையால் காட்டுகிறது. இந்த வழியில் க்ரனியூ தொபொஸ் என்றால் ‘மண்டையோடு என்னும் இடம்’.

இது என் ஊகமாக மட்டும் நின்றிருந்தால் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். லூக்கா இதை நேரடியாகவே உறுதிசெய்கிறார். அவர் அரமேயச் சொல்லைத் தரவில்லை, ஆறாம் வேற்றுமையையும் எழுதவில்லை. ‘க்ரனியொன் என்று அழைக்கப்படும் இடம்’ என்கிறார். இடம் என்பது அவர் சொல். பெயர் க்ரனியொன் மட்டும். அரமேயப் பெயரில் இடம் என்ற சொல் இல்லை என்று பார்த்தோமே, நால்வரில் அந்தப் பெயரை அச்சு மாறாமல் பெயர்த்தவர் லூக்காதான். மற்ற மூவரும் இடம் என்பதை விளக்கத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். லூக்கா அதைப் பெயருக்கு வெளியே வைத்தார். நால்வர் சொல்வதும் ஒன்றே.

இந்த நுட்பம் மொழிபெயர்ப்புகளில் தொலைந்துபோனது. லத்தீனில் லூக்காவின் வசனத்திலும் ‘கல்வாரியே’ என்ற வேற்றுமை வடிவமே நிற்கிறது. நம் பழைய திருப்புதல் லூக்காவிலும் கபாலஸ்தலம் என்றே எழுதி, அவர் சொல்லாத ஸ்தலத்தைப் பெயருக்குள் கொண்டுவந்துவிட்டது. நால்வரும் ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தெரியவே, வேறுபாட்டைக் கவனித்து உண்மையை எட்டும் வழி வாசகருக்கு அடைபட்டது.

அடுத்து, மண்டையோடுகள் சிதறிக் கிடந்தன என்ற விளக்கம். எரோணிமுஸே இதன் பக்கம் நின்றவர். தலை வெட்டப்பட்டவர்களின் மண்டையோடுகளால் வந்த பெயர் என்றார் அவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இதில் அவரோடு உடன்பட முடியாது. முதலாவது, நற்செய்தியில் உள்ளது ஒருமை. ஆறாம் வேற்றுமைப் பன்மையாக இருந்திருந்தால் ‘க்ரனியோன்’ என்று ஓகாரம் நெடிலாக நின்றிருக்கும். லூக்காவில் இருப்பது குறில் ஒகரம், க்ரனியொன். ஓர் எழுத்தின் மாத்திரையில் ஒருமை பன்மையாகிவிடும் மொழி அது. ஏட்டுச் சுவடிகளில் கலந்து கிடந்த ஒகரத்தையும் ஓகாரத்தையும் வீரமாமுனிவர் பிரித்துக் காட்டியதன் அருமை தெரிந்த நமக்கு, இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்ய நியாயமில்லை.

இரண்டாவது, யூதர்களின் வழக்கம் அதற்கு இடம் தராது. மரத்தில் தூக்கப்பட்டவனை அன்றே அடக்கம்பண்ண வேண்டும் என்பது உபாகமம் 21-இன் சட்டம். சிலுவையில் அறையப்பட்டவர்களையும் சூரியன் மறையுமுன் இறக்கிப் புதைப்பது யூத வழக்கம் என்று அதே நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். 1968-இல் எருசலேமின் வடக்கே ஒரு குடும்பக் கல்லறையில் குதிகால் எலும்பில் ஆணி தைத்தபடியே ஒருவரின் எலும்புகள் கிடைத்தன. சிலுவையில் மாண்டவருக்கும் உரிய அடக்கம் நடந்ததற்கு அது கண்கூடான சான்று. மனித எலும்பைத் தொட்டாலே ஏழு நாள் தீட்டு என்று வாழ்ந்த சமூகம், யாத்திரிகர் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்று கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசிவைத்தது. அந்தச் சமூகம் நகரவாசலை ஒட்டிய பாதையோரத்தில் மண்டையோடுகளை உருளவிட்டிருக்குமா? சிலுவை நின்ற இடத்திலேயே ஒரு தோட்டமும் அதில் புதிய கல்லறையும் இருந்தன என்கிறார் யோவான். எலும்புக் காட்டில் யார் தோட்டம் போடுவார்கள்?

மண்டையோட்டு வடிவக் குன்று என்ற கதைக்கு வயது இன்னும் குறைவு. எருசலேமின் தமஸ்கு வாசலுக்கு வடக்கே உள்ள பாறைமேட்டை 1842-இல் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ தேனியுஸ் கொல்கொதா என்று முன்மொழிந்தார். அதைப் பரப்பியவர் ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் கார்டன். 1883-இல் எருசலேமில் தங்கியிருந்த அவர், பலிகள் பலிபீடத்தின் வடபுறத்தில் கொல்லப்பட வேண்டும் என்ற லேவியராகமச் சட்டத்தையும் நகரின் வரைபடத்தையும் இணைத்துப் பார்த்தார். நகரமே ஒரு மனித உடலாகப் படுத்திருப்பதாகவும் அதன் தலை அந்த மேட்டில் விழுவதாகவும் கண்டார். 1885-இல் கார்ட்டூமில் அவர் கொல்லப்பட்டு பிரிட்டனின் நாயகராக உயர்ந்தபின், அவர் கருத்தும் கூடவே உயர்ந்தது. அருகிலிருந்த கல்லறை இயேசுவின் கல்லறை என்று யாத்திரிகர்களுக்குக் காட்டப்பட்டது. கார்டனின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பக்தி சான்றாகிவிடாது. அந்தக் கல்லறை கி.மு. 8-7 நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று தொல்லியலாளர் கபிரியேல் பர்க்காய் காட்டினார். யோவான் சொல்வதோ ஒருவரும் வைக்கப்படாத புதிய கல்லறை. பாறைமுகத்தில் கண்குழிகளாகத் தெரிபவையும் கல் வெட்டும் வேலை நடந்த பாறையில் உள்ள பள்ளங்கள். முதல் நூற்றாண்டில் அந்த முகம் அப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வடிவத்தால் வந்த பெயராக இருந்தால் அந்தக் காலத்தவர் அதைச் சொல்லியிருப்பார்களா? சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. கலிலேயக் கடலுக்குக் கிழக்கே உள்ள கமலா என்ற கோட்டை ஊரைப் பற்றி யோசேப்பஸ் எழுதும்போது, அதன் முகடு ஒட்டகத்தைப் போலிருப்பதையும் அதனாலேயே அந்தப் பெயர் வந்ததையும் விளக்குகிறார். வடிவம் காரணமாக இருந்த இடத்தில் அந்தத் தலைமுறை எழுத்தாளர் எப்படி எழுதினார் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். நான்கு நற்செய்தியாளர்களும் பெயரின் பொருளை மட்டும் பெயர்த்துத் தந்தார்கள். காரணத்தைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை.

நம் விளக்கக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். பொருளும் காரணமும் ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள். பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரித்துப் படித்த மரபு நம்முடையது. சொல்லின் பொருளுக்குக் காரணம் பார்த்தவுடன் புலப்பட்டுவிடாது என்று தொல்காப்பியரே உரியியலில் எச்சரித்திருக்கிறார். காரணம் சொல்லப்படாத பெயருக்கு ஆளுக்கொரு காரணம் கற்பிப்பது பழைய ஆசை. 3-ஆம் நூற்றாண்டில் ஒரிகேன் ஆதாமின் உடல் அங்கே புதைக்கப்பட்டதாக வழங்கிய மரபைப் பதிவுசெய்தார். 4-ஆம் நூற்றாண்டில் எருசலேம் பேராயர் சிரில், சபைக்குத் தலையாகிய கிறிஸ்து பாடுபடவிருந்ததால் தீர்க்கதரிசனமாக அமைந்த பெயர் அது என்றார். எரோணிமுஸ் கொலையுண்டோரின் தலைகள் என்றார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சிரில் அந்தப் பாறை கண்ணெதிரே நிற்க, அதே ஆலய வளாகத்தில் போதித்தவர். மண்டையோட்டு வடிவம் வெளிப்படையாக இருந்திருந்தால் முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் அவர். தலையைத் தேடி அவர் கிறிஸ்துவிடம் போனார், பாறையிடம் போகவில்லை.

இவ்வளவும் எதற்கு, மலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, விசுவாசம் மாறிவிடுமா என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. ஓவியர் தூரிகைக்கும் பாடகர் மெட்டுக்கும் நான் தடைபோட வரவில்லை. தவக்காலத்தில் குன்றேறிச் சிலுவைப்பாதை செய்கிறவர்களின் கண்ணீரையும் மதிக்கிறேன். ஆனால் மூலத்தில் இப்படி இருக்கிறது என்று கற்பிக்கும்போது, இருப்பதையே கற்பிக்க வேண்டும். இல்லாத மலையைச் சேர்த்ததால் இருக்கும் ஒன்று மறைந்துபோனது என்பதே என் ஆற்றாமை.

ரோமர் சிலுவையை ஊர் பார்க்கவே நட்டார்கள். கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் ஆட்கள் 6000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம்வரை நெடுஞ்சாலையோரத்தில் அறைந்தார்கள். எருசலேமிலும் அப்படித்தான். அந்த வழியாகப் போனவர்கள் தலையை ஆட்டித் தூஷித்தார்கள் என்கிறார் மாற்கு. போக்குவரத்துள்ள பாதையோரம் அது. வாசலுக்குப் புறம்பே என்கிறது எபிரெயர் நிருபம். சிலுவையின்மேல் பிலாத்து வைத்த பலகை எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. அந்த இடம் நகரத்துக்கு அருகில் இருந்ததால் யூதரில் அநேகர் அதை வாசித்தார்கள் என்று யோவான் குறிக்கிறார். போகிறபோக்கில் எழுத்துக் கூட்டி வாசிக்கும் தூரம்.

சந்தைக்குப் போகிறவர், பண்டிகைக்கு வந்த யாத்திரிகர், வயலிலிருந்து திரும்பும் கூலியாள் என எல்லோரும் கடந்துபோன பாதையோரத்தில், ‘மண்டையோடு’ என்று ஊரார் அழைத்த ஒரு சாதாரண நிலத்தில் அந்த மரணம் நடந்தது. அதை நாம் தூக்கி, ஆள் அரவமற்ற உச்சியில் வைத்து, கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் காட்சியாக்கிவிட்டோம். அங்கே பார்த்தும் பாராமல் போனவர்களின் கூட்டம் படத்திலிருந்து விழுந்துவிட்டது. நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணமும் அவர்களோடு போய்விட்டது.

நான் இப்போது ஞாயிறு வகுப்பு எடுக்கும்போது லூக்காவின் சொல்லையே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மண்டையோடு என்று அழைக்கப்பட்ட இடம். ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிறார்கள். வேதம் சொல்லவில்லை என்கிறேன். மலை எங்கே என்று கேட்கிறார்கள். பலகையில் எழுதியிருந்ததை வழிப்போக்கர்கள் வாசித்தார்கள் என்ற வசனத்தை அவர்களையே வாசிக்கவைக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் வரையும் படங்களில் சிலுவை சாலையோரத்துக்கு இறங்கிவந்து நிற்கிறது.